ஓடும்போதா, நிற்கும்போதா?

பரவை காய்கறி மார்க்கெட்டில் விடிவதற்குள் வியாபாரம் பாதி முடிந்துவிடும். அக்கா வீட்டு விசேஷத்துக்குக் காய் எடுக்கப் போன ஒரு பெரியவர், வாசல் ஓரம் நிறுத்திய காரில் உட்கார்ந்து வெண்டைக்காய் மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டிவந்த மருமகனின் கண்ணோ சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருந்த செல்போன் சார்ஜரின் மேல் இருந்தது. இப்போது வரும் சார்ஜர்களில் பேட்டரியின் வோல்டேஜைக் காட்டும் சின்னச் சிவப்பு எண்களும் இருக்கின்றன.

“மாமா, நேத்தெல்லாம் 14.2 காட்டுச்சு. இப்ப 12.5தான் காட்டுது. பேட்டரி போச்சா?”

“ஓடும்போதா, நிக்கும்போதா?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார் பெரியவர். அந்தக் கேள்வி அவருடையதே அல்ல. இதே திண்டுக்கல் ரோட்டில் ஒரு காலத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்த மேஸ்திரியின் கேள்வி. யார் எந்தப் புகாரோடு வந்தாலும் மேஸ்திரி வாய் திறந்து முதலில் கேட்பது அதைத்தான். கையில் மீட்டரை எடுப்பது அதற்கப்புறம்.

வெளியூர்க்காரர்களுக்குப் பரவை என்றால் பரவை முனியம்மா. 2003-இல் ‘தூள்’ படம் வந்தபின் ஊரின் பெயரும் அவரோடு சேர்ந்து தமிழ்நாடு முழுக்கப் போய்விட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு அது மீனாட்சி மில்லின் ஊர், கண்மாயின் ஊர், மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வண்டியெல்லாம் கடந்துபோகும் ஊர். ரோட்டில் அத்தனை வண்டி ஓடினால் அதில் ஏதாவது ஒன்று நிற்கத்தானே செய்யும்? நின்ற வண்டிகளை நம்பித்தான் மேஸ்திரியின் கடை பிழைத்தது. முதலில் கீற்றுக் கொட்டகை, பிறகு தகரம். ஒரு சுவரோரம் பேட்டரிகள் அடுக்கியிருக்கும். மறுபக்கம் ஆசிட் ஜாடியும் டிஸ்டில்ட் வாட்டர் கேனும் ஆப்பசோடா டப்பாவும் இருக்கும். ஆசிட் தெறித்தால் முதலில் தண்ணீர், அப்புறம் ஆப்பசோடா. அப்படியும் அங்கே வேலை பார்த்த பையன்கள் ஒருவர் சட்டையிலும் ஓட்டை இல்லாமல் இருந்ததில்லை. போடும்போது நன்றாகத்தான் இருக்கும். அம்மா துவைத்துப் பிழியும்போதுதான் ஓட்டைகள் வெளியே வரும். பள்ளிக்கூட விடுமுறையில் கையாளாக அந்தக் கடைக்குப் போனவர் இவர். தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைப்பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் உத்தரவே இருந்தது.

பேட்டரி சார்ஜ் போடுவது அன்றைக்கு ஒரு தனி வியாபாரம். காலையில் கொண்டுவந்து வைத்தால் மறுநாள் சாயங்காலம் எடுத்துப் போகலாம். யாருடையது என்று சாக்பீஸில் பேர் எழுதிவைப்பார்கள். அவசரக்காரர்களுக்கு அதுவரை ஓட்டிக்கொள்ள ஒரு சர்வீஸ் பேட்டரி கொடுத்து அனுப்புவார் மேஸ்திரி. வண்டிக்காரர்கள் மட்டும் வரவில்லை. திருவிழா, காதுகுத்து, தேர்தல் பிரச்சாரம் என்றால் மைக் செட்காரர்கள் வந்து நிற்பார்கள். அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர் கார் பேட்டரியில் ஓடுவது. கரண்ட் வராத தோப்பு வீட்டிலிருந்து டிவி பார்ப்பதற்காக சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருபவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்குவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வியாழக்கிழமையே வந்து கெஞ்சுவார்கள். மெதுவாக ஏற்றிய சார்ஜ்தான் தங்கும் என்பதில் மேஸ்திரி பிடிவாதக்காரர். யார் எவ்வளவு கெஞ்சினாலும் குறைந்த ஆம்பியரில், இரவெல்லாம் விட்டுத்தான் ஏற்றுவார்.

அந்த நாளின் பேட்டரிகளே வேறு. கறுப்பு எபோனைட் பெட்டி, மேலே தார் ஊற்றி அடைத்த மூடி, ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் இணைக்கும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். ஆறு செல், செல்லுக்கு 2.1 வோல்ட், மொத்தம் 12.6. இந்தக் கணக்கைப் பையன்கள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். பட்டைகள் வெளியே இருந்ததால் ஒவ்வொரு செல்லையும் தனியாகக் குத்திப் பார்க்க முடிந்தது. இரண்டு கூர்முனைகள் வைத்த செல் டெஸ்டரை அழுத்தினால் நடுவில் இருக்கும் கம்பி சூடேறும், மீட்டர் முள் ஆடும். ஐந்து செல் நின்று ஒன்று மட்டும் சரிந்தால் கோளாறு எங்கே என்பது கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். இப்போதைய மூடிய பேட்டரியில் வெளியே இருப்பவை இரண்டே முனைகள். ஆறு செல்லின் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். ஆனாலும் கணக்குத் தெரிந்தவருக்கு அதற்குள்ளேயே ஒரு துப்பு உண்டு. இரவெல்லாம் சார்ஜ் போட்டபின்னும் 10.5-ஐத் தாண்டாத பேட்டரியில் ஒரு செல் செத்திருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம், 12.6-இல் ஒரு 2.1 போனால் மீதி அதுதானே.

மேஸ்திரி ஒரே பேட்டரியை மூன்று முறை பார்ப்பார். அதில் எந்த ஒன்றையும் தாண்டிப்போக விடமாட்டார்.

முதலாவது, வண்டி ராத்திரி முழுக்க நின்றபின். இன்ஜின் அணைந்தவுடன் பார்த்தால் தட்டுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் 13-க்கு மேல்கூடக் காட்டும். அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. காத்திருக்க நேரமில்லாதவர்கள் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். அப்போது 12.6-ஐ ஒட்டி இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 வந்துவிட்டால் கால்தான் மிச்சம். 12.6-க்கும் 12.0-க்கும் நடுவே முழுசாக ஒரு வோல்ட்கூட இல்லை என்பதைப் பையன்களால் நம்ப முடியாது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பன்னிரண்டு இருக்கிறதே, அப்புறம் என்ன என்றுதான் அவர்களும் கேட்டார்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் அரை அடி இறங்கினாலே குழாயில் வேகம் குறைகிற மாதிரிதான் இது என்று மேஸ்திரி கையை உயர்த்தித் தாழ்த்திக் காட்டினார்.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் அந்த ஒன்றிரண்டு நொடிகளில் முள் சட்டென்று இறங்கும். இறங்கட்டும், ஆனால் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. நின்றபோது 12.6 காட்டிவிட்டு செல்ஃப் அடித்ததும் ஏழுக்குச் சரிகிற பேட்டரி, பார்வைக்குத்தான் பேட்டரி.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. இங்கேதான் 13.8-லிருந்து 14.4 வரை என்ற கணக்கு வருகிறது. பேட்டரிக்குள் சார்ஜ் போக வேண்டுமானால் தருகிற பக்கத்தின் வோல்டேஜ் அதைவிட உயரமாக இருக்க வேண்டும். 13-ஐச் சுற்றியே நின்றால் சார்ஜ் போதவில்லை. அதற்காக மேலே மேலே போகவும் கூடாது. செல்லுக்கு 2.4 வோல்ட், அதாவது மொத்தம் 14.4-ஐத் தாண்டத் தொடங்கினால் உள்ளிருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து குமிழ்விட ஆரம்பிக்கும். பதினைந்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி, பானட்டைத் திறந்த உடனே அழுகிய முட்டை வாடையால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாடை அடித்தால் மேஸ்திரி முதலில் பையன்களை விலக்குவார், பீடி பிடிப்பவரை ரோட்டுக்கு அனுப்புவார். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுவதும் கடைசியில் மாட்டுவதும் அந்தக் கடையில் மீறவே முடியாத வழக்கமாக இருந்தது. ஸ்பேனர் பாடியில் பட்டு ஒரு பொறி பறந்தால் போதும், ஹைட்ரஜன் வெடிக்கும்.

டைனமோ காலத்து அம்பாஸடர்களை நினைத்தால் இன்றைய ஓட்டுநர்கள் பொறுமையிழந்துவிடுவார்கள். ஐட்லிங்கில் டைனமோ சார்ஜ் ஏற்றாது. வேகம் எடுத்தால்தான் ஏற்றும். மெதுவாக ஓடும்போது டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியைவிடக் கீழே போய்விடும். பேட்டரியில் இருப்பது டைனமோவுக்குள் வடிந்துபோகாமல் இணைப்பைத் துண்டிக்க ஒரு கட்-அவுட் இருக்கும். சிம்மக்கல்லில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் டாக்ஸிக்காரர்கள் நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பார்கள், டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு அணையட்டும் என்று. அதுவும் தோற்றால் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்ற வேண்டியதுதான். 1960-லேயே அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் ஆல்டர்நேட்டரைக் கொடுத்துவிட்டது. இங்கே அது பரவலாக வந்து சேர நெடுங்காலம் ஆனது. மதுரையில் 1911-இல் தொடங்கிய டிவிஎஸ்ஸும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1961-இல் உருவாக்கிய லூகாஸ் டிவிஎஸ், சென்னை பாடியிலிருந்து அனுப்பும் அட்டைப்பெட்டிகள் மேஸ்திரியின் அலமாரியில் எப்போதும் இருக்கும். ஸ்டார்ட்டர் பிரஷ், ஆர்மேச்சர், பிறகு டயோடு பிளேட். பெட்டிகள் மாறியதை வைத்தே காலம் மாறியதைச் சொல்லிவிடலாம்.

ஆல்டர்நேட்டர் வந்த புதிதில் நடந்த ஒன்று பெரியவருக்கு மறக்கவில்லை. சமயநல்லூர் பக்கமிருந்து ஒரு வேன்காரர் வந்தார். சார்ஜிங் சரியாக ஏறவில்லை. வேறொரு இடத்தில் ஆல்டர்நேட்டரையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம், முகத்தில் கடன் வாங்கப்போகும் கவலை தெரிந்தது. மேஸ்திரி மீட்டரை வைத்தார். ஐட்லிங்கில் 12.4. ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்கச் சொன்னார். முள் திடீரென்று எழுந்து பதினாலில் போய் நின்றது. அப்புறம் வண்டியை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பச் சொல்லி டாஷ்போர்டைப் பார்த்தார். எரிய வேண்டிய சிவப்பு சார்ஜ் விளக்கு எரியவில்லை. பல்பு ஃபியூஸ். அந்த வகை ஆல்டர்நேட்டரில் சார்ஜ் விளக்கு வெறும் எச்சரிக்கை மட்டும் அல்ல. முதல் தூண்டுதலுக்கான கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகும். பல்பு போனால் இன்ஜின் நல்ல வேகம் எடுக்கும்வரை ஆல்டர்நேட்டர் விழிக்காது. ஒரு பல்பு மாட்டினார்கள். காசு கொடுக்கும்போது வேன்காரரின் கை நடுங்கியது சந்தோஷத்தில்தான். ஆல்டர்நேட்டர் நல்லது என்று மேஸ்திரிக்குச் சொன்னது 12.4-உம் அல்ல, 14-உம் அல்ல, எப்போது 12.4, எப்போது 14 என்பதுதான் சொன்னது.

மேஸ்திரி மீட்டரைவிட அதிகம் நம்பியது ஹைட்ரோமீட்டரை. ரப்பர் குமிழை அமுக்கி ஆசிட்டை உறிஞ்சினால் கண்ணாடிக்குள் மிதவை எழும். பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டைகளில் எது மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். “கிராவிட்டி பாத்தியாடா?” என்பது தினமும் பலமுறை காதில் விழும் கேள்வி. இதில் நம்மூருக்கே உரிய நுணுக்கம் ஒன்று உண்டு. குளிர் நாடுகளில் நிறைந்த பேட்டரியின் ஆசிட் அடர்த்தி 1.270, 1.280 என்று இருக்கும். வெப்ப நாடுகளில் அவ்வளவு அடர்த்தியான ஆசிட் தட்டுகளைச் சீக்கிரம் அரித்துவிடும் என்பதால் 1.240 அளவுக்கு நிரப்புவது வழக்கம். அடர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் ஒரு செல்லின் வோல்டேஜ் ஏறக்குறைய வந்துவிடும். 1.240 என்றால் 2.08, ஆறு செல்லுக்கு 12.48. எனவே அப்படிப்பட்ட பேட்டரி முழுசாக நிறைந்திருந்தாலும் 12.5தான் காட்டும். வெளிநாட்டு அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு அதைக் குறைசொல்வது நியாயமில்லை. இன்றைய மூடிய பேட்டரிகளில் அடர்த்தி கூடுதல், அவை 12.7, 12.8 வரைகூட நிற்கின்றன. எந்தப் பேட்டரி என்று தெரியாமல் எண்ணை மட்டும் கேட்பதில் பாதிப் பயன்கூட இல்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் மதுரைப் பேட்டரியைப் பற்றிப் பேச முடியாது. சித்திரை, வைகாசியில் பானட்டுக்கு அடியில் இருக்கும் சூட்டில் வேதிவினை வேகமாக நடக்கும். குறைந்த வோல்டேஜிலேயே சார்ஜ் ஏறிவிடும். அதனால் நல்ல ரெகுலேட்டர்கள் சூடு கூடக்கூட சார்ஜிங் வோல்டேஜைத் தாமே சற்றுக் குறைத்துக்கொள்ளும். காலைக் குளிரில் 14.4 காட்டிய வண்டி நடுப்பகலில் 13.8 காட்டுவது கோளாறு இல்லை, அது வடிவமைத்தவர்களின் கவனம். சராசரிச் சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் உள்ளவர்களின் பொதுக்கணக்கு. வெயில் நாட்களில் மேஸ்திரி வாடிக்கையாளர்களை வழியில் கண்டாலும் தண்ணி பாத்தீகளா என்று கேட்பார். விஷயம் தெரியாதவர்களுக்கு அது குடிதண்ணீரைப் பற்றிய விசாரிப்பாகத் தோன்றும்.

பள்ளிப்படிப்பு தாண்டாத மேஸ்திரிக்கு இத்தனையும் கைப்பழக்கத்தில் வந்தவை. இதையெல்லாம் ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் பக்கத்துக் காரைக்குடியில் இருப்பது பெரியவருக்கு வளர்ந்து ஆளான பிறகுதான் தெரிந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. பஸ்ஸில் காரைக்குடி வழியாகப் போனபோது அந்தப் பலகையைப் பார்த்தவருக்கு, மேஸ்திரியை ஒருநாள் அழைத்துவந்து காட்டியிருக்க வேண்டும் என்ற ஏக்கம் வந்தது. அதற்குள் கடை மூடப்பட்டிருந்தது.

கடை இருந்திருந்தால் 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு ஆண்டுகளில் கொழித்திருக்கும். மணிக்கணக்கில் கரண்ட் போன அந்த நாட்களில் இன்வெர்ட்டர் இல்லாத தெருவே இல்லை என்றானது. கார் பேட்டரியையே இன்வெர்ட்டருக்கு மாட்டி, கொஞ்ச காலத்திலேயே சாகடித்தவர்களும் உண்டு. செல்ஃப் அடிக்கும் பேட்டரி ஒரு நொடியில் பெரும் கரண்டைக் கொடுப்பதற்கென்று மெல்லிய தட்டுகளோடு செய்யப்பட்டது. இரவெல்லாம் மின்விசிறி ஓட்டுவதற்குத் தடித்த தட்டு வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேறு பாடம். பூட்டிய காரும் கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் பத்து, முப்பது மில்லி ஆம்பியர் என்று இழுத்துக்கொண்டே இருக்கிறது. முப்பது மில்லி ஆம்பியர் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. நாற்பது நாளில் 29 போய்விடும். சின்னக் காரின் பேட்டரியே 35தான். ஊரடங்கு தளர்ந்த காலையில் தெருவுக்குத் தெரு கார்கள் டிக், டிக் என்று மட்டும் சொன்னதன் கணக்கு இதுதான்.

அந்தக் காலம் எல்லாவற்றிலும் நல்லது என்று அவர் சொல்வதில்லை. செத்த பேட்டரியை உடைத்து, தட்டுகளைப் பிரித்து, இரும்புச்சட்டியில் ஈயத்தைக் காய்ச்சுவது அன்று கடைகளின் பின்பக்கத்தில் சாதாரணமாக நடந்தது. புகை வந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடினார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. பழைய பேட்டரிகளை விற்றவர்களே திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-இல் விதிகள் வந்தன. 2022-இல் அவை பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்துப் புதிதாக எழுதப்பட்டன. பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை குறைப்பது இன்று எல்லாக் கடையிலும் உண்டு. மருமகனிடம் அவர் கண்டிப்பாகச் சொல்வது இது ஒன்றுதான்: பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிடு, வீட்டுக்குக் கொண்டுவராதே.

மருமகனின் கேள்விக்கு வருவோம். லைட்டர் துளையில் தெரியும் எண், பேட்டரி முனையில் இருப்பதைவிட ஓரிரு புள்ளிகள் குறைவாகவே இருக்கும். நடுவில் அத்தனை வயரும் ஃபியூஸும் இருக்கின்றன. அதிலும் சாவியைத் திருப்பி, ப்ளோயரும் ஓடும்போது பார்த்த 12.5 அது. மறுநாள் காலை சாவியைத் திருப்பும் முன் பானட்டைத் தூக்கி மீட்டர் வைத்தார்கள். 12.6. செல்ஃப் அடிக்கையில் 10.4. ஓடவிட்டதும் 14.2, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டபோது 13.9. பேட்டரியில் ஒன்றுமில்லை. டெர்மினலில் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றித் துடைத்து, வாஸலின் தடவி முறுக்கினார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் புதுக் கார்தான் அவரை நிஜமாகவே யோசிக்க வைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே 12.8. பழைய பாடத்தின்படி ஆல்டர்நேட்டர் காலி. பணிமனைக்கு ஓடுவதற்குள் அவர் தடுத்துவிட்டார். 2015-இல் மாருதி சுசூகி சியாஸில் எஸ்எச்விஎஸ் என்ற பெயரில் வந்த மாதிரியான ஏற்பாடுகள் பிறகு வேறு பல வண்டிகளிலும் வந்துவிட்டன. பேட்டரி முனையில் ஒரு சென்சாரும் சார்ஜிங்கைத் தீர்மானிக்க ஒரு கணினியும் இருக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்நேட்டரை ஓய்வில் விடும். வேகம் குறையும்போது வீணாகப் போகும் சக்தியை வாரி உள்ளே ஏற்றும். மேஸ்திரி இதைப் பார்த்ததில்லை. ஆனால் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது பெரியவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணை ஓட்டச்சொல்லி, கையில் ஒரு தாளோடு பக்கத்தில் உட்கார்ந்தார். வாடிப்பட்டி வரை போய்வந்தார்கள். சமமான ரோட்டில் ஒரே வேகத்தில், 12.8. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், 14.7. பிரேக் போட்டபோதும் அதே. ஹெட்லைட் போட்டதும் கணினி மனம் மாறி, 14.1.

“அப்ப எதைத்தான் தாத்தா சரின்னு எடுத்துக்கிறது?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“எல்லாமே சரிதாம்மா. பக்கத்துலயே எப்பப் பாத்ததுன்னு எழுதிக்க” என்றார் பெரியவர். அவள் செல்போனில் எழுதத் தொடங்கினாள்.